சின்னக் கப்பலில் பிரிட்டன் தீவுகள்: மாதம் குறிப்பதிலிருந்து வீடு திரும்பும் வரை

பிரிட்டனின் கரையோரத் தீவுகளுக்கு நான்கு முறை சின்னக் கப்பலில் போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துப் போனேன். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேபின், சாப்பாடு, விலை எல்லாவற்றையும் விசாரித்திருப்பார்கள். தீவில் எப்படி இறங்குவது என்பதை மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பயணத்தில் பாதித் தீவுகளில் கப்பலைக் கட்டி நிறுத்தத் துறையே கிடையாது. கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும், ரப்பர் படகில் கரைக்குப் போக வேண்டும். காற்றும் அலையும் விட்டால்தான் அது நடக்கும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுங்கள்: இதனால் நான் கரையில் இறங்கும் வாய்ப்பு கூடுமா, குறையுமா?

1. முதலில் மாதம், பிறகு பாதை, கடைசியில்தான் கப்பல்

எல்லோரும் கப்பலின் படத்தைப் பார்த்து அதிலிருந்து தொடங்குகிறார்கள். தள்ளுபடி விலையில் செப்டம்பர் கடைசியில் ஒரு கேபின் கிடைக்கும், எடுத்துவிடுவார்கள். அங்கே போனால் பஃபின் என்ற வண்ண அலகுக் கடற்பறவை ஒன்றுகூட இருக்காது. அவை ஏப்ரலில் கரைக்கு வந்து முட்டையிட்டு, ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் நடுக்கடலுக்குப் போய்விடும்.

என் கணக்கில் மே நடுவிலிருந்து ஜூலை நடுவு வரை நல்ல காலம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மழை குறைவாகப் பெய்யும் மாதங்கள் ஏப்ரல், மே, ஜூன். ஜூனில் பிரிட்டனின் வடகோடித் தீவுக்கூட்டமான ஷெட்லாந்தில் சுமார் 19 மணி நேரம் பகல் வெளிச்சம் இருக்கும். காலையில் காற்று அதிகமென்று இறங்க முடியாமல் போனாலும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காற்று அடங்கியதும் இறங்கலாம். எனக்கு ஒருமுறை அப்படித்தான், இரவு 9 மணிக்கு மேல் பகல்போல வெளிச்சத்தில் ஒரு தீவைச் சுற்றி வர முடிந்தது.

ஜூலை, ஆகஸ்டில் மேற்குக் கரையில் 'மிட்ஜ்' என்ற பொடி ஈ மொய்க்கும். கடலில் இருக்கும்போது தொல்லையில்லை, சிறு காற்றுக்கே அவற்றால் பறக்க முடியாது. காற்றில்லாத மாலையில் கரையில் நின்றால் மட்டும் முகத்துக்கு வலை வேண்டும்.

2. முழுச் சுற்றா, ஒரு மூலையா?

முழுச் சுற்று என்றால் இங்கிலாந்தின் தென்கரையில் ஏறி, சில்லி தீவுகள், வேல்ஸின் ஸ்கோமர், மான் தீவு, ஐயோனா, ஸ்டாஃபா, ஸ்கை, செயின்ட் கில்டா, லூயிஸ், ஆர்க்னி, ஷெட்லாந்து என்று மேற்கும் வடக்கும் சுற்றி, கிழக்குக் கரையில் ஃபார்ன் தீவுகளைப் பார்த்து, எடின்பரோவின் லீத் துறையிலோ வேறெங்கோ இறங்குவது. வரிசை கப்பலுக்குக் கப்பல் மாறும். இரண்டு வாரம் இருந்தால் இது சரி.

ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் முழுச் சுற்றை நினைக்காதீர்கள். வரைபடத்தைப் பாருங்கள்: தீவுகள் மேற்கிலும் வடக்கிலும் குவிந்திருக்கின்றன, கிழக்குக் கரையில் கொஞ்சம்தான். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் தொட முயன்றால் பெரும்பாலான நேரம் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஓபன் (Oban) துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்கும் ஹெப்ரிடீஸ் சுற்று, அதாவது அந்தக் கரையோரத் தீவுக்கூட்டத்தின் சுற்று, ஒரு வாரத்துக்குப் போதும் என்பதைவிட நிறைவாகவே இருக்கும். கிளாஸ்கோவிலிருந்து ஓபனுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம்.

ஹெப்ரிடீஸ் சுற்றுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அங்கே தீவுகள் ஒன்றுக்கொன்று மறைவாக நிற்பதால், மேற்கே காற்றடித்தால் கிழக்குப் பக்கக் குடாவுக்கு ஒதுங்கலாம். திட்டம் மாறினாலும் இறங்க ஓர் இடம் கிடைத்துவிடும். திறந்த கடலில் தனித்து நிற்கும் தீவுகளுக்கு இந்த வசதி இல்லை.

செயின்ட் கில்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதற்காகவே பணம் கட்டுகிறார்கள். வட யூயிஸ்ட் தீவுக்கு மேற்கே சுமார் 64 கிலோமீட்டரில் அட்லாண்டிக்கில் தனியாக நிற்கிறது. 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசிக் குடிமக்கள் 36 பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். கற்சுவர் வீடுகள் வரிசையாக அப்படியே இருக்கின்றன. இறங்கக்கூடிய கிராமக் குடா தென்கிழக்கைப் பார்த்தது. கொண்டல் காற்று, அதாவது கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று, கொஞ்சம் பலமாக அடித்தாலே இறங்க முடியாது. வானம் நீலமாக, வெயில் சுள்ளென்று இருக்கும் நாளில்கூட இது நடக்கும். பக்கத்துக் கேபின்காரர்கள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் குடாவின் திசையை அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

செயின்ட் கில்டாதான் முக்கியம் என்றால், அதற்கு ஒரே நாளை ஒதுக்கியிருக்கும் பயணத்தை எடுக்காதீர்கள். 'இந்த மூன்று நாளில் எப்போது காற்று விடுகிறதோ அப்போது' என்று எழுதியிருக்கும் பயணத்தைத் தேடுங்கள்.

3. கப்பலின் அளவு

மூன்று வகை. 12 பேருக்கு மிகாத பயணிகளை ஏற்றும் படகுகள். இவற்றில் பழைய மீன்பிடிக் கப்பலை மாற்றிக் கட்டியவையும் உண்டு. சுமார் 50 பேர் போகும் கப்பல். 'ஹெப்ரிடியன் பிரின்சஸ்' இந்த ரகம், 1964இல் கார் ஏற்றும் ஃபெரி படகாகக் கட்டப்பட்டு ஓடிய கப்பல் அது. அப்புறம் 100 முதல் 200 பேர் போகும் ஆய்வுப் பயண வகைக் கப்பல்கள்.

12 பேர் படகு பகலில் ஓடி, இரவில் காற்று மறைவான குடாவில் நங்கூரமிடும். தூக்கம் நன்றாக வரும். ஒரே நடையில் எல்லோரும் கரையில் இறங்கிவிடலாம். ஆனால் வெகுதூரம் போக முடியாது, பெரிய அலையில் ஆட்டம் அதிகம். பெரியவை இரவில் ஓடும். காலையில் கண் விழித்தால் புதுத் தீவு தெரியும். முழுச் சுற்றுக்கு அதுதான் வழி.

100 பேருக்கு மேல் போகும் கப்பலில் கேட்க வேண்டியது ரப்பர் படகுகளின் எண்ணிக்கையை. ஒரு படகில் சுமார் 10 பேர்தான் போகலாம். 150 பேரை நான்கு படகு மாற்றி மாற்றி இறக்கினால், கடைசிக் குழு இறங்கும்போது முதல் குழு திரும்பத் தயாராக இருக்கும். கரையில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் இங்கேதான் தீர்மானமாகிறது.

4. பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள். தொலைபேசியில் இனிமையாகப் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். மின்னஞ்சலில் கேளுங்கள்.

எத்தனை இறக்கங்கள் ரப்பர் படகில், எத்தனை துறைமேடையில்? முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இதன் பதில்தான் எல்லாம். சின்னக் கப்பல்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும். கப்பலின் பக்கவாட்டு ஏணிப்படியில் இறங்கி, ஆடும் படகில் கால் வைக்கத் தெம்பு வேண்டும். என் பெரியம்மாவை இதைக் கேட்காமல் கூட்டிப் போய், அவர் ஐந்து இறக்கங்களில் மூன்றைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அது என் தவறு.

ஒரு தீவு ரத்தானால் பதிலுக்கு எது? நல்ல பயண ஏற்பாட்டாளர் உடனே இரண்டு மூன்று பெயர் சொல்வார். 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்ற பதில் வந்தால் நான் வேறு ஆளைத் தேடுவேன்.

நுழைவுக் கட்டணங்கள், கரையில் பஸ், பானங்கள், பணியாளர் அன்பளிப்பு இதில் அடக்கமா? ஆர்க்னியில் உள்ள ஸ்காரா பிரே என்ற கற்காலக் கிராமம் போன்ற இடங்களுக்கு நுழைவுச்சீட்டு உண்டு.

சைவம் என்றால் என்ன என்பதை நீங்களே பட்டியலிடுங்கள். மீன் சாப்பிடுவதையும் சைவத்தோடு சேர்க்கும் சமையல்காரர்களைச் சந்தித்திருக்கிறேன். கடலில் இறங்கியபின் கடை கிடையாது, சமையலறைச் சரக்கு முன்பே ஏறிவிடும். ஒரு மாதம் முன்னால் சொன்னால் பருப்பும் காய்கறியும் கூடுதலாக எடுத்து வைப்பார்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் நம் பையில் இருக்கட்டும்.

கேபினைப் பொறுத்தவரை, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளம்தான் குறைவாக ஆடும். மேல்தளத்தில் பால்கனியுள்ள கேபின் விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். கப்பலின் மூக்குப் பக்கக் கேபின் மலிவாகக் கிடைக்கும். அதிகாலையில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் தலைமாட்டில் கேட்கும், அதற்குத் தயாரானால் எடுக்கலாம்.

5. விசா: அயர்லாந்தும் பிரான்சும் தனி நாடு

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் பயண வழியை ஒவ்வொரு துறைமுகமாகப் படியுங்கள்.

பெல்ஃபாஸ்ட், ராத்லின் தீவு எல்லாம் வட அயர்லாந்து, பிரிட்டனின் பகுதி. டப்ளின், கோவ், அரன் தீவுகள் அயர்லாந்துக் குடியரசு, அதற்கு விசா வேறு. இந்தியர்களுக்கு ஒரு சலுகை உண்டு: இந்தியாவில் விண்ணப்பித்துப் பெறும் குறுகிய கால விசாக்கள் சிலவற்றுக்குப் பிரிட்டிஷ்–ஐரிஷ் விசாத் திட்டம் பொருந்தும். பொருந்தினால் அதே விசாவில் அயர்லாந்திலும் இறங்கலாம், ஆனால் விசா தந்த நாட்டுக்குள் முதலில் நுழைந்திருக்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இது இல்லை.

அதிகம் பேர் சறுக்குவது இங்கே: பிரிட்டனிலேயே வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ வாழ்கிறவர்கள், 'நான் இங்கேதானே இருக்கிறேன்' என்று ஐரிஷ் விசா எடுக்காமல் வந்துவிடுகிறார்கள். அந்தக் குறுகிய காலத் திட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. தனியாக எடுக்க வேண்டும்.

சில பயணங்கள் நடுவில் பிரான்சின் செயின்ட் மாலோவையோ ஹோன்ஃப்ளூரையோ தொடும். அங்கே ஷெங்கன் விசா. இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன் என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது, ஏறும்போதே தடுப்பார்கள். விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் பார்த்துவிட்டு, கப்பல் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. காப்பீடும், ஒரு நாள் இடைவெளியும்

சாதாரணப் பயணக் காப்பீட்டில் கப்பல் பயணம் அடங்காமல் இருக்கலாம், தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். தீவிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும், கப்பல் தொடாமல் விட்ட துறைமுகத்துக்கான ஈடும் அதில் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். பிரிட்டனின் அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்குவார்கள்.

ஏறும் நாளன்று காலையில் விமானத்தில் வந்து இறங்கும் திட்டம் வேண்டாம். முந்தைய நாளே துறைமுக ஊருக்குப் போய்த் தங்குங்கள். கப்பல் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், பார்த்துக் கிளம்பும், காத்திருக்காது.

7. குமட்டல் மருந்து: ஆட்டம் தொடங்கும் முன்

வயிறு புரட்டத் தொடங்கியபின் மாத்திரை போட்டால் அது தங்காது, வாந்தியோடு வெளியே வந்துவிடும். சின்னரிசின் மாத்திரையைப் பயணத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே போடச் சொல்வார்கள். நம்மூரில் கிடைக்கும் அவோமினும் உதவும், தூக்கம் வரும். ரத்த அழுத்தம், கண் அழுத்தம், சுகர் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். பயணத்துக்கு முன் ஒருநாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டால், உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

மருந்தில்லாத உபாயங்களில் எனக்குப் பலித்தவை: வெறும் வயிற்றில் இருக்காமல் இரண்டு பிஸ்கட் சாப்பிடுவது, தொடுவானத்தைப் பார்ப்பது, ஃபோனைப் பைக்குள் போடுவது.

8. பெட்டியில் என்ன

ஜூனில் போகிறோம் என்று பருத்திச் சட்டையோடு வந்துவிடுகிறார்கள். ஷெட்லாந்தில் கோடைப் பகலில் 12, 14 டிகிரிதான் இருக்கும், படகில் காற்று அதையும் குறைக்கும். பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். உள்ளே கம்பளி அல்லது விளையாட்டுத் துணி, நடுவில் ஃபிளீஸ், மேலே மழையும் காற்றும் புகாத உடை என்று அடுக்குங்கள். கம்பளிக் குல்லாவும் கையுறையும் கோடையிலும் வேண்டும்.

மழைச்சட்டை எல்லோரும் கொண்டு வருவார்கள், மழைக் கால்சட்டையை விட்டுவிடுவார்கள். ரப்பர் படகின் விளிம்பில்தான் உட்கார வேண்டும். அலை சிதறினால் நனைவது தொடையும் இடுப்பும். மழைக் கால்சட்டை இல்லாவிட்டால் ஈரத்தோடு மூன்று மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும்.

முழங்காலுக்குக் கீழ் வரை உயரமுள்ள கம்பூட்ஸ் இன்னொன்று. சில கப்பல்களில் இரவலாகத் தருவார்கள், உங்கள் அளவு இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் தண்ணீர் வழிந்து பூட்ஸுக்குள் நிறையும்.

நீர் புகாத பை ஒன்று, தோளில் மாட்டுவது. இரண்டு கையும் காலியாக இருப்பது படகில் ஏற இறங்க அவசியம். வெளிநாட்டில் கட்டப்பட்ட கப்பல்களில் ஐரோப்பிய இரட்டைத் துளை மின்சாக்கெட் இருக்கலாம், இரண்டு வகை அடாப்டரும் எடுங்கள். நடுக்கடலில் ஃபோனை ஃபிளைட் மோடுக்கு மாற்றுங்கள், கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகச் சேர்ந்தால் பில் எகிறும். சில்லறைக் காசும் வேண்டும்: சின்னத் தீவுகளில் ஆளில்லாத மேசையில் முட்டை, கேக், கம்பளிக் காலுறை வைத்துப் பக்கத்தில் பணப்பெட்டி வைத்திருப்பார்கள். லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வாங்க வேண்டியதை முதல் நாளே வாங்குங்கள்.

9. முதல் நாள்: பூட்ஸைக் கழுவுவது சடங்கு இல்லை

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். அதன் பிறகு பூட்ஸ், பையின் அடி, வெல்க்ரோ ஒட்டுப்பட்டை எல்லாவற்றிலும் விதையோ மண்ணோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பலர் அவசரமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தத் தீவுகளின் பறவைகள் தரையில், வளையில் முட்டையிடுபவை. வெளியிலிருந்து எது வந்தாலும் அவற்றுக்கு ஆபத்து: ஓர் எலி ஏறினால் ஒரு தீவே காலியாகும். லண்டி தீவில் எலிகளை ஒழித்து, 2006இல் எலியற்ற தீவென்று அறிவித்த பிறகுதான் அங்கே பஃபின்கள் மீண்டும் பெருகின. கரையில் வாங்கிய பையைத் திறந்து போட்டுவிட்டு அப்படியே அடுத்த தீவுக்குத் தூக்கிப் போகாதீர்கள்.

2022இல் பறவைக் காய்ச்சல் பரவியபோது ஃபார்ன் உட்படப் பல தீவுகளில் இறங்கவே தடை போட்டார்கள். மறுபடி அப்படி நேர்ந்தால் படகிலிருந்தே பார்க்க வேண்டியதுதான். இறந்த பறவையைத் தொடாதீர்கள்.

10. ரப்பர் படகில் ஏறுவது, இறங்குவது

வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். முதலில் உயிர்காப்பு அங்கி, அதற்கு மேல் எதுவும் போடக் கூடாது. பையைப் படகோட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கை நீட்டும்போது விரலைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடிக்க வேண்டும். ஈரக் கை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. அலை படகைத் தூக்கி மேலே கொண்டுவரும் நொடியில் அவர் 'இப்போ' என்பார். அப்போது படகின் ரப்பர் விளிம்பில் ஒரு கால், பிறகு தரையில் ஒரு கால், உடனே உட்காருங்கள். குதிக்கக் கூடாது. தானாக நேரம் பார்த்துக் காலை எடுத்தவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள்.

மணற்கரையில் இறங்கும்போது விளிம்பில் உட்கார்ந்தபடி இரு காலையும் வெளியே திருப்பி, அலை பின்வாங்கும்போது தண்ணீரில் இறங்குங்கள். ஸ்டாஃபா போன்ற இடத்தில் கல்லும் படியும்தான், பாசி வழுக்கும். அங்கே கேமராவைக் கழுத்தில் தொங்கவிடாதீர்கள்.

11. தீவில் நடக்கும்போது

குச்சி நட்டுக் காட்டிய பாதையை விட்டு விலகினால், பஃபின் வளைக்கு மேல் கால் வைப்பீர்கள். மேல்மண் மெல்லியது, உள்ளே குஞ்சோடு நசுங்கும். உட்கார்ந்து பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். பஃபின்கள் உங்களைச் சுற்றி நடக்க ஆரம்பிக்கும். துரத்திப் போய்ப் படம் எடுக்க முயன்றவர்களைவிட, உட்கார்ந்தவர்களுக்குத்தான் நல்ல படம் கிடைத்திருக்கிறது.

ஃபார்ன் தீவுகளில் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் கூடு கட்டும் காலத்தில் தலையில் கொத்தும், ரத்தம் வரும். கெட்டியான தொப்பி போடுங்கள். ஃபுல்மார் பறவையின் கூட்டுக்கு அருகே போனால் வயிற்றிலிருந்து நாறும் எண்ணெயைத் துப்பும், அந்த நாற்றம் துணியை விட்டு எளிதில் போகாது. புல்வெளியில் நடந்து வந்த மாலையில் கால், முழங்கால் மடிப்பு, இடுப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். லைம் நோயைப் பரப்புவது அதுதான்.

12. நாளைய இடத்தை நீங்களே கணிக்க

தினமும் மாலையில் கேப்டனோ குழுத் தலைவரோ மறுநாள் திட்டம் சொல்வார்கள். அதற்கு முன் கடல் வானிலை அறிக்கையைப் படித்துவிட்டுப் போனால் ஏமாற்றம் பாதியாகும். பிரிட்டனைச் சுற்றிய கடலை லண்டி, ஐரிஷ் கடல், மாலின், ஹெப்ரிடீஸ், ஃபேர் ஐல், ஃபோர்த் என்று 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, வேகம், அலை, பார்வைத் தெளிவு சொல்கிறார்கள்.

வேகத்தை மட்டும் பார்ப்பது தவறு. திசையைப் பாருங்கள், பிறகு வரைபடத்தில் குடா எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் எண் 6இல் அடிக்கும்போது தீவின் கிழக்குக் குடா குளம்போல இருக்கும். எண் 3 காற்று நேராகக் குடாவுக்குள் அடித்தால் இறங்குவது கடினம். வாடை, கொண்டல் என்று காற்றைத் திசையோடு பேசும் நம் கரையோரக்காரர்களுக்கு இது சொல்லித்தர வேண்டாத பாடம்.

அடுத்தது ஓதம். அமாவாசை, பௌர்ணமி முடிந்து ஓரிரு நாளில் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும், நீரோட்டமும் வேகமாகும். ஸ்காட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவே உள்ள பென்ட்லண்ட் நீரிணையைக் கடக்கக் கப்பல் நேரம் பார்ப்பது இதனால்தான். சில்லியின் டிரெஸ்கோவில் கடல் வற்றியிருந்தால் கார்ன் நியர் என்ற வேறு துறையில் இறக்குவார்கள், அங்கிருந்து நடை கூடும். காலில் தெம்பு குறைவானவர்கள் அன்று எந்தத் துறை என்று முதலிலேயே கேளுங்கள்.

13. இறங்கும் நாள்

பெட்டியை முந்தைய இரவே கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மருந்து, பாஸ்போர்ட், மறுநாள் உடை மூன்றையும் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டுங்கள்.

விமானத்தை அன்று மாலைக்குப் பதிவு செய்யாதீர்கள். காற்றின் காரணமாகக் கப்பல் வேறு துறைமுகத்தில் இறக்கினால், பஸ்ஸில் பல மணி நேரம் போக வேண்டிவரும். மறுநாள் மதிய விமானம் போதும். ஈரமான கம்பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலாக வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் எடுத்து நன்னீரில் கழுவிக் காய வையுங்கள்.